லேக் தெரியும் வீடு: இரண்டேகால் இலட்சம் போன கதை

நுவரெலியாவில் கிரகறி லேக்குக்கு மேலே ஏறும் ஒரு பாதையில் நானும் அம்மாவும் மகளும் ஏழு மாதம் நிறைவதற்குள்ளேயே வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டோம். வாடகையைக் கணக்கில் சேர்க்காமலே போன காசு 2 இலட்சத்து 25 ஆயிரம் ரூபாய், சம்பளமில்லாத லீவு 9 நாள். அந்த நேரத்தில் ஒருத்தராவது "பிள்ளை, இதைச் செய், இதைச் செய்யாதே" என்று சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். சொல்ல ஆளில்லை. கணவர் கட்டாரில், சொந்தக்காரர் எல்லாரும் லிந்துலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், அவர்களுக்கு வீட்டு வாடகை என்பதே பழக்கமில்லாத விஷயம். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒப்பந்தம், நொத்தாரிசு (பத்திரம் எழுதும் சட்டத்தரணி) என்றெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போனதுக்குக் காரணம் மகள். அப்போது அவளுக்கு மூன்று வயது. முதலாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமானால் அந்தப் பகுதியில் குடியிருப்பதைக் காட்ட வேண்டும், வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் இருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் புள்ளி உண்டு என்பதால் விவரம் தெரிந்தவர்கள் சில வருடங்களுக்கு முன்பே வந்து குடியேறிவிடுவார்கள். நானும் விவரம் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டேன். நான் வேலை செய்வது ஒரு ஹோட்டலின் கணக்குப் பிரிவில், லேக்கிலிருந்து நடந்து போகும் தூரம். கணவர் அனுப்பும் காசையும் சேர்த்தால் மாதம் 45 ஆயிரம் வாடகை சமாளிக்கலாம். இன்னொரு காரணமும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். எங்கள் பாட்டி கொழுந்து பறித்த காலத்தில் வருடத்துக்கு ஒரு தடவை நூரளைக்கு, அதாவது நுவரெலியாவுக்கு, வந்து, லேக் கரையில் நின்று, மேலே இருக்கும் பங்களாக்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்களாம். அந்த வரிசையில் ஒரு வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

2023 ஆகஸ்ட் கடைசியில் வீட்டைப் பார்த்தேன். கொழும்பில் இருக்கும் ஒருவருடைய காணி, ஒரே வளவுக்குள் மூன்று வீடு. பெரியது இரண்டையும் சுற்றுலா வருபவர்களுக்கு நாள் கணக்கில் விடுவார், சின்னது எங்களுக்கு. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர், அதற்கு அப்பால் மலை. அந்த ஜன்னலில்தான் நான் விழுந்தேன். ஆறு மாத வாடகை, அதாவது 2 இலட்சத்து 70 ஆயிரம், கையில் காசாக அட்வான்ஸ் கொடுத்தேன். வீட்டை விடும்போது அப்படியே திரும்பத் தருவது என்று பேச்சு, மாத வாடகை தனி. ஆங்கிலத்தில் டைப் செய்த இரண்டு பக்க ஒப்பந்தம், கடைசியில் ஒரு முத்திரை, அதன் மேல் இரண்டு பேரின் கையெழுத்து, ஒரு வருடத்துக்கு. முத்திரை ஒட்டினால் சட்டம் ஆகிவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன், எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிறகுதான் தெரிந்தது, இந்த நாட்டில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். 1840 ஆம் ஆண்டிலிருந்தே இருக்கும் சட்டம் அது. வீட்டுக்காரர் "நொத்தாரிசுக்கு எதுக்கு மிஸ் வீண் செலவு, நாங்க நம்பிக்கையான ஆக்கள்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இப்படி யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் மாத மின்சார பில்லிலேயே ஒரு பாடம் கிடைத்தது. பழைய நிலுவை 31 ஆயிரம் ரூபாய். எனக்கு முன்னால் இருந்தவர்கள் கட்டாமல் போயிருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் நாலு தடவை சொல்லித்தான் கட்டினார், அதுவும் சிவப்பு நோட்டீஸ் வந்த பிறகு. வீடு பார்க்கப் போகும்போது சாமி அறை எங்கே, வெயில் எந்தப் பக்கம் விழும் என்றெல்லாம் கேட்கிறோம், கடைசி மின்சார பில்லையும் தண்ணீர் பில்லையும் காட்டுங்கள் என்று கேட்க வாய் வருவதில்லை. கேளுங்கள். பில்லில் இருக்கும் கணக்கு இலக்கத்தைப் போனில் சேமித்து வையுங்கள், கரண்ட் போய் மின்சாரத்துக்கான 1987 இலக்கத்துக்கு எடுத்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

குப்பை விஷயமும் அப்படித்தான். உக்கும் குப்பை ஒரு பையில், உக்காத குப்பை வேறு பையில், அதற்குரிய நாளில் வைத்தால் எடுத்துப்போவார்கள். நாங்கள் ஒழுங்காகப் பிரித்து வைப்போம். பக்கத்துப் பெரிய வீட்டில் வார இறுதிக்கு வந்தவர்கள் பார்பிகியு எலும்பு, போத்தல், பிள்ளைகளின் பம்பர்ஸ் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி எங்கள் பையோடு வைத்துவிட்டு ஞாயிறு மாலை கொழும்புக்குப் போய்விடுவார்கள். பிரிக்காத பையை எடுக்க மாட்டார்கள், அதுவும் சரிதானே. இரவில் நாய் கிழித்துப் பாதை முழுக்க இழுத்துப் போட்டிருக்கும், காலையில் கூட்டுவது என் அம்மா. பணக்காரப் பகுதியில் அக்கம்பக்கம் சுத்தமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அக்கம்பக்கம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. எங்கள் பாதையில் வருடம் முழுக்க விளக்கெரியும் வீடு ஐந்தோ ஆறோதான். தோட்டத்தில் ஒரு வீட்டில் இருமினால் அடுத்த காம்பராவிலிருந்து கசாயம் வரும். இங்கே வாட்ச்சர் தவிர பேச ஆளில்லை.

2024 தைப்பொங்கல் திங்கட்கிழமை வந்தது, நீண்ட வார இறுதி. பெரிய வீடுகள் இரண்டிலும் சேர்த்து முப்பது பேருக்குக் குறையாமல் இருந்திருப்பார்கள். பொங்கலன்று விடியற்காலை அம்மா முற்றத்தில் கோலம் போடப் போனவர், அப்படியே திரும்பி வந்து "புள்ள, வெளிய வந்து பாரு" என்றார். மலசலகூடக் குழி நிரம்பி, மூடியைத் தள்ளிக்கொண்டு, அடுப்புக்கல் வைத்திருந்த இடம் வரைக்கும் வந்திருந்தது. அன்றைக்குத்தான் மூன்று வீட்டுக்கும் ஒரே குழி என்பதே எங்களுக்குத் தெரியும். லேக் இருக்கும் இடமே முன்னொரு காலத்தில் சதுப்பு நிலம், 1870களில் கவர்னர் வில்லியம் கிரகறி காலத்தில்தான் தண்ணீரை மறித்து லேக் ஆக்கினார்கள். எங்கள் வளவின் கீழ்ப்பகுதி மழை விட்டு ஒரு வாரம் ஆனாலும் சதசதவென்றுதான் கிடக்கும், அப்படிப்பட்ட மண்ணில் குழித் தண்ணீர் எங்கே போய் இறங்கும்? பொங்கலை அறைக்குள் காஸ் அடுப்பில் வைத்தோம். பால் பொங்கியது, அம்மா அழுதார்.

வீட்டுக்காரர் போனில் "நீங்க செஞ்சிருங்க மிஸ், வாடகையில கழிச்சுக்குவோம்" என்றார். குழி இறைக்கும் பவுசருக்கு எழுதிக் கொடுக்கும்போது வீட்டின் வரி இலக்கம் (மாநகர சபை வீட்டுக்குக் கொடுக்கும் இலக்கம்) கேட்டார்கள், எனக்குத் தெரியாது, அவரும் இரண்டு நாள் இழுத்தடித்துத்தான் அனுப்பினார். உடைந்த குழாயையும் சேர்த்து 28 ஆயிரம் முடிந்தது. கழிப்பதாகச் சொன்னது போனில், எழுத்தில் இல்லை, கடைசியில் கழிக்கவும் இல்லை. இப்படியான வேலையை உங்கள் காசில் செய்ய நேர்ந்தால், செய்வதற்கு முன்னாலேயே வட்ஸ்அப்பில் "நீங்கள் சொன்னபடி செய்கிறேன், இவ்வளவு ஆகும், அடுத்த மாத வாடகையில் கழிக்கிறேன்" என்று எழுதி, அவருடைய ஓகே வரும் வரை கையை வைக்காதீர்கள். பற்றுச்சீட்டையும் படம் எடுத்து அனுப்புங்கள். அது போல குழி நிரம்பி வழிவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்க வேண்டிய விஷயம், பி.எச்.ஐ. என்றால்தான் நம் ஆட்களுக்குப் புரியும். நான் அவரிடம் போகவில்லை. வீட்டுக்காரரோடு பிரச்சினை வேண்டாமே என்று பயம். பயந்ததால் ஒன்றும் மிஞ்சவில்லை.

பெப்ரவரியில் ஒரு இரவு, புல்லெல்லாம் தூள் பனி படியும் அந்தக் குளிரில், அம்மாவுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. பம்ப் அடித்தும் கேட்கவில்லை, உதடு நிறம் மாறிக்கொண்டு வந்தது. 1990க்கு எடுத்தேன். இலவச அம்புலன்ஸ், தமிழிலேயே பேசினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை என்னிடம்தான். "விலாசம் சொல்லுங்க" என்றபோது எனக்குத் தெரிந்தது வீட்டின் பெயர் மட்டும், ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பூவின் பெயர். அந்தப் பாதையில் அதே மாதிரிப் பெயரோடு இன்னும் இரண்டு வீடு. கேட்டைப் பூட்டிவிட்டு வாட்ச்சர் கீழே போயிருந்தார், சாவி அவரிடம். பிள்ளையை அம்மாவோடு விட்டுவிட்டு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு மதிலில் ஏறி, பெரிய பாதையில் போய் டோர்ச் அடித்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து ஒக்சிஜன் கொடுத்து அம்மா தேறிவிட்டார், கடவுள் புண்ணியம். அடுத்த நாளே ஒரு தாளில் வரி இலக்கம், பாதையின் பெயர், திரும்ப வேண்டிய இடத்தில் இருக்கும் கடை, கேட்டின் நிறம், எல்லாவற்றையும் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டினேன், கேட் சாவிக்கு நகல் வெட்டினேன். குடிபோன முதல் நாளே செய்ய வேண்டிய வேலை. கூகுள் மெப்பில் இடத்தைச் சேமித்து வைத்தால் அதையும் அனுப்பலாம், ஆனால் பதறும் நேரத்தில் அதெல்லாம் கைக்கு வராது, தாள்தான் வரும்.

கிராம சேவகரிடம் பதியப் போனதும் இந்த நேரத்தில்தான். நல்ல மனிதர், சிங்களம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார், ஒப்பந்தத்தின் பிரதியும் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு கடிதமும் கொண்டு வந்தால் இடாப்புப் படிவத்தில் பெயர் சேர்க்கலாம் என்று. (படிவம் தமிழிலும் உண்டு, கேட்டு வாங்குங்கள். எங்கள் பிரதேச செயலாளர் பிரிவுகள் 1999லேயே இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை, இது யாரும் நமக்குச் செய்யும் தயவு இல்லை.) கடிதம் கேட்டவுடன் வீட்டுக்காரரின் குரல் மாறிவிட்டது. "அதெல்லாம் எதுக்கு மிஸ், பிறகு வீட்டுல உரிமை கேப்பீங்க" என்றார். நான் வந்ததே அந்தப் பதிவுக்குத்தான்! அதை அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டிருந்தால் அன்றைக்கே முடிவு தெரிந்திருக்கும். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்காக வீடு மாறுகிறவர்கள் இதைக் கட்டாயம் முதலில் கேளுங்கள், ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள்.

மார்ச் பத்தாம் திகதி அளவில் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு போன். ஏப்ரல் சீசன் வருகிறது, அந்த ஒரு மாதம் நீங்கள் தோட்டத்துக்குப் போய் இருந்துவிட்டு மே மாதம் வாருங்கள், ஏப்ரல் வாடகை வேண்டாம். நுவரெலியாவில் ஏப்ரல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கார் பந்தயம், லேக்கைச் சுற்றி நடக்க இடமிருக்காது, எங்கள் ஹோட்டலில் கொரிடோரில் மெத்தை போட்டுக் கொடுப்பீர்களா என்று கேட்பார்கள். எங்கள் சின்ன வீடு ஒரு மாதத்தில் தரும் 45 ஆயிரத்தை அவர் அந்த மாதத்தில் இரண்டு இரவில் எடுத்துவிடுவார். கணக்கு எழுதுகிறவள், எனக்கே புரிகிறது. ஆனால் அம்மாவுக்கு மாதா மாதம் கிளினிக், மகளுக்கு நர்சரி, எனக்கு சீசனில் ஒரு நாள்கூட லீவு கிடையாது. முடியாது என்றேன்.

22ஆம் திகதி வெள்ளிக்கிழமை. அம்மா மகளையும் கூட்டிக்கொண்டு கிளினிக் போயிருந்தார், நான் வேலையில். பிற்பகல் மூன்று மணிக்கு அம்மாவின் போன், "பூட்டு மாத்தியிருக்கு புள்ள". வந்து பார்த்தால் எங்கள் சாமான் எல்லாம் கராஜில், அரிசிச் சாக்குக்கு மேல் சாமிப் படம், அதற்கு மேல் என் சப்பாத்து. மகளின் பொம்மைச் சட்டியில் மழைத் தண்ணீர். வாட்ச்சர் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் "எனக்குச் சொன்னதைச் செஞ்சேன் தங்கச்சி" என்றார், அவரும் என்ன செய்வார். பொலிஸுக்குப் போய் முறைப்பாடு எழுதினேன், அதுவாவது செய்தேனே என்று இப்போதும் நினைப்பேன். என்ன வேண்டும் என்று கேட்டபோது "ஒரு என்ட்ரி மட்டும் போட்டு வையுங்க சேர், நாங்க பேசித் தீர்த்துக்கிறோம்" என்று சொன்னதும் நான்தான். அன்றிரவு கூட வேலை செய்யும் அக்கா ஒருவரின் வீட்டில் மூன்று பேரும் ஒரு கட்டிலில்.

அப்புறம் நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். காத்திருந்தேன். சீசன் முடியட்டும், அட்வான்ஸைத் தருகிறேன் என்றார் வீட்டுக்காரர், சரி என்றேன். புதுவருடம் கழியட்டும் என்றார், சரி. மே 23 வெசாக், அது கழியட்டும் என்றார். ஜூன் 5ஆம் திகதி அந்த அக்காவின் தம்பி மூலம் ஒரு சட்டத்தரணியைப் பார்த்தேன். அவர் திகதியைக் கேட்டார், விரலில் எண்ணினார், தலையை ஆட்டினார். குடியிருந்தவரைப் பலாத்காரமாக வெளியேற்றினால், சமாதானம் குலையும் என்ற நிலையில் ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போகலாமாம், 1979 ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டம், 66ஆம் பிரிவு. பொலிஸாரும் அறிக்கை போடலாம், பாதிக்கப்பட்டவரும் நேரே போகலாம். வீடு யாருடையது, ஒப்பந்தம் நொத்தாரிசு எழுதியதா என்பதில் போய் நிற்காமல், யார் இருந்தார்கள், யார் வெளியே தள்ளினார்கள் என்பதைப் பார்த்து, இருந்தவரைத் திரும்பவும் குடியேற்ற உத்தரவிடலாம். ஆனால் வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்திருக்க வேண்டும். என் இரண்டு மாதம் மே 22ஆம் திகதி முடிந்துவிட்டது, வெசாக்குக்கு முதல் நாள். வீட்டுக்காரருக்கு இது தெரிந்துதான் வெசாக் வரைக்கும் இழுத்தாரா, தற்செயலா என்று இன்றுவரை எனக்குத் தூக்கம் வராத இரவுகளில் யோசிப்பேன். இதற்குப் பிறகு மாவட்ட நீதிமன்றம்தான், வருடக்கணக்கு, செலவும் அதற்கேற்ற மாதிரி. யாராவது உங்கள் பூட்டை மாற்றினால் அந்த வாரமே சட்டத்தரணியைப் பாருங்கள், காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பேசித் தீர்ப்பதை வழக்குப் போட்ட பிறகும் பேசலாம்.

கடைசியில் எனக்குக் கை கொடுத்தது, இரண்டு பக்கத்தையும் உட்கார வைத்துப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபை. அங்கே சட்டத்தரணிகள் வாதாட முடியாது, நாமே பேச வேண்டும், அதுதான் எனக்குப் பயமாகவும் இருந்தது, நல்லதாகவும் முடிந்தது. முதல் இரண்டு தவணைக்கு வீட்டுக்காரர் வரவில்லை, மூன்றாவதுக்கு வந்தார், வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு. நான் மாத வாடகைப் பற்றுச்சீட்டுகள், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கராஜில் கிடந்த சாமானின் படங்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் அடுக்கி வைத்திருந்தேன். அட்வான்ஸ் கொடுத்ததற்கு அந்த ஒப்பந்தம்தான் சாட்சி, செல்லாத தாளாக இருந்தாலும் அவருடைய கையெழுத்து அதில் இருந்ததே. சுவர் பழுது, பெயின்ட், ஒப்பந்தத்தின் ஒரு வருடம் முடிவதற்கு முன் வீட்டை விட்டது என் குற்றம் என்று அவரும் ஒரு கணக்குக் கொண்டு வந்தார். விட்டது நானாம்! இரண்டு மணி நேரம் இழுத்து, 1 இலட்சத்து 10 ஆயிரம், இரண்டு தவணையில் என்று முடிந்தது. இணக்கச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள். இன்னும் நின்றிருந்தால் கூடக் கிடைத்திருக்கலாம், எனக்குத் தெம்பில்லை, மேசைக்கு அந்தப் பக்கம் அவர் முகத்தைப் பார்த்தாலே கை நடுங்கியது.

கணக்கு இது: அட்வான்ஸில் 1 இலட்சத்து 60 ஆயிரம் போச்சு, குழிக்கு 28 ஆயிரம், சாமான் ஏற்றிய லொறிக்கு 15 ஆயிரம், மழையில் நனைந்து கெட்டுப்போன ஹீட்டர் 22 ஆயிரம். மகளுக்காக நினைத்த இடாப்புப் பதிவில் வீணாய்ப் போன அந்த ஒரு வருடத்துக்கு விலை போடத் தெரியவில்லை.

இப்போது இருப்பது டவுனுக்கு மறுபக்கம், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டோடு சேர்ந்த இரண்டு அறை. வாடகை 30 ஆயிரம், அட்வான்ஸ் மூன்று மாதம், வங்கி மூலம் போட்டேன். நொத்தாரிசு எழுதிக் காணிப் பதிவகத்தில் பதிய 14 ஆயிரம் ஆனது, பாதியை அவரே கொடுத்தார். கிராம சேவகருக்கான கடிதத்தை நான் கேட்கும் முன்னாலேயே எழுதி வைத்திருந்தார், எனக்கு அழுகை வந்துவிட்டது, மனுஷன் பயந்துபோய் மனைவியைக் கூப்பிட்டார். ஜன்னலைத் திறந்தால் கோவா பாத்தியும் பக்கத்து வீட்டுத் தகரமும்தான். ஒருநாள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, இங்கேயிருந்து லேக் தெரியாதே அம்மா என்றேன்.

"அங்க இருந்து மட்டும் என்னத்த கண்ட, காலையில எந்திரிச்சா பனிதானே தெரிஞ்சிச்சு" என்றார்.